புதிய கோப்புறை 3

கொண்டுவரும்போதே அது பல்லி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தது.
டிக். டிக். டிக்.
கொஞ்சம் மௌனம். மறுபடி டிக்.
எந்தப் பஞ்சாங்கமும் பார்க்காமல் பலன் சொல்வேன்:
தலை போய்விட்டது.

உபி, நான்காம் மாடி.
கீழே கார்ப் பட்டறை, எதிரே மீன் உருண்டைத் தொழிற்சாலை.
குணாளன், அறுபத்திரண்டு வயது, தோ பாயோ.
படிவத்தில் 'முதலில் மீட்க வேண்டியது' என்ற கட்டத்தில்
புதிய கோப்புறை 3 என்று எழுதினார்.
மற்றவை?
"மத்தது போனா போகுது."
தொள்ளாயிரத்து எண்பது வெள்ளி என்றேன்.
அவர் பேரம் பேசவில்லை.
எனக்கு அதுதான் சங்கடமாக இருந்தது.

தலைக்குத் தலைதான் வேண்டும்.
அதே மாடல், அதே பலகை எண்,
முடிந்தால் அதே வாரம் தாய்லாந்தில் பிறந்தது.
ஒன்பது நாள் தேடி ஈசூனில் ஒன்று அகப்பட்டது.
நாற்பது வெள்ளி. ருஸ்லான் என்றொரு பையன்
எம்ஆர்டி தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்தே கைநீட்டிக் கொடுத்தான்.
செருகிப் பார்த்தேன், கல்லுக்குண்டு மாதிரி இருந்தது.
உள்ளே அவன் அழிக்க மறந்தவை:
ஓர் அணிவகுப்பு, ஒரு பூனை,
பாதியில் நிறுத்திய ராஜினாமாக் கடிதம்.
இதெல்லாம் வேண்டாமா என்று கேட்டனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் மட்டும் பதிலாக வந்தது.

நன்றாக இருக்கும் ஒன்றைத் திறக்க
என் கை எப்போதும் ஒரு நொடி தாமதிக்கும்.
தலைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளியில்
ஒரு கைரேகைகூட மலைத்தொடர்.
மூச்சை அடக்கி, பழைய தலையை எடுத்து,
புதியதைச் சாய்த்து உள்ளே விட்டேன்.
தட்டில் என் கண்கள் மட்டும் தெரிந்தன.
ருஸ்லானின் பூனை அந்த நிமிடத்தோடு சரி.

சுழன்றது.
பல்லி வாயை மூடிக்கொண்டது.

ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக இறங்கியது.
சரிபார்க்கச் சில படங்களைத் திறந்தே ஆகவேண்டும்.
சீலிங்.
சீலிங்.
மறுபடி சீலிங்.
ஆயிரத்து நானூறு சொச்சம் படங்களில்
மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து கசிந்த ஒரே கறை.
முதலில் ஐம்பது காசு அளவு, அப்புறம் தோசை,
அப்புறம் போர்னியோ.
நகர மன்றத்துக்கும் வீவகவுக்கும் காட்ட
தேதி போட்டு, நாள் தவறாமல், நாலு வருஷம்.
சிரித்துவிட்டேன். இதற்கா?

கறையை ஒட்டி ஒரு ஸ்கேல்.
ஸ்கேலைப் பிடித்திருந்தது ஒரு கை,
இரண்டு வளையல், மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த தழும்பு.
எல்லாப் படத்திலும் அதே கை.
2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு
கறை மட்டும், அளவில்லாமல்.

தொண்ணூற்று மூன்று சதவீதம் என்று சொன்னேன்.
"கேஸ் எப்பவோ முடிஞ்சிருச்சும்மா.
மேல்வீட்டுக்காரர் டைல்ஸ் மாத்திட்டார்."
சொல்லிக்கொண்டே ஒரு படத்தில் நின்றார்.
ஆகஸ்ட்டின் கடைசிப் படம்.
மேலே கறை, ஸ்கேலில் பதினெட்டு வரை எண்கள்,
விரல்கள் தொடங்க வேண்டிய இடத்திலிருந்து சாம்பல்.
"இத மட்டும் இன்னொரு தரம் படிக்கச் சொல்ல முடியுமா?"

கடன் வாங்கிய தலை, கேட்கக் கேட்கத் தேயும் என்றேன்.
தலையாட்டினார்.
புரிந்தது என்பதற்கா, செய் என்பதற்கா, தெரியவில்லை.

மீன் உருண்டைக்காரர்கள் விளக்கணைத்துப் போன பின்
அந்த ஒரு செக்டரை மட்டும் கேட்டேன்.
தரவில்லை.
கேட்டேன்.
நாற்பத்தோராம் தடவை
பதினாறு வரி கூடுதலாக வந்தது:
ஒரு கட்டைவிரல் நகம்,
அதன் ஓரத்தில் காய்ந்த மாவு.

பிறகு, டிக்.