குழியா மேடா

இரவு இரண்டே முக்கால். பெரம்பூர் ஸ்கேன் சென்டரில்
கடைசியாக வந்த மணிக்கட்டு முறிந்திருந்தது. அனுப்பிவிட்டேன்.
ஏசி சத்தமும் நானும்.
போனைத் திறந்தால் கிருபாநிதி இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்:
'கப்பல் காசு, 1808, கேரண்டி ஒரிஜினல்,
ஆயிரத்து நானூறு, பேசிக்கலாம்.'

ஐந்து படம்.
முதலாவதில் மஞ்சள் பல்பு. மஞ்சள் பல்பில்
எல்லாச் செம்பும் தங்கத்துக்கு முறைப்பெண்.
இரண்டாவதில் பிளாஷ் நேராக வருடத்தின் மேல் விழுந்து
ஒன்று, எட்டு தெரிகிறது. மிச்சம் வெறும் வெளிச்சம்.
மூன்றாவதில் பாதி காசு, பாதி கட்டைவிரல்,
நகத்தில் நீலப் பெயின்ட்.
நான்காவது அந்த மூன்றாவதேதான், கொஞ்சம் வெட்டியது.
ஐந்தாவதில் காசு ஓர் எவர்சில்வர் தட்டில்,
தட்டுக்குள் ஒரு போன், போனுக்குப் பின்னால்
முகமில்லாமல் ஒரு பனியன்.

விளிம்பைக் காணோம். யாரும் விளிம்பைக் காட்டுவதில்லை.
வார்த்த காசுக்குத் தையல் அங்கேதான் தெரியும்.

நிழலைப் பார்த்து எலும்பைச் சொல்வது என் பிழைப்பு.
ஒற்றைப் படத்தை நம்பாதே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.
எழுதினேன்: விளிம்பு ஒன்று அனுப்புங்கள்,
கொஞ்சம் சாய்த்து இன்னொன்று, அசையாமல்.
'மூச்சை இழுத்துப் பிடிங்க' என்பது
விரல் நுனி வரை வந்துவிட்டது.

'விடியட்டும் மேடம்.'

ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவில் வருகையில் வந்தது.
விளிம்பில் தையல் இல்லை.
சாய்ந்த படத்தில் கேடயம், இரு பக்கமும் சிங்கங்கள்,
சிங்கங்களின் மேல் புள்ளி புள்ளியாய் என்னவோ.
வம்பு இங்கேதான்.
குழி என்றால் கடல் அரித்தது.
மேடு என்றால் போன வருஷம் எவனோ வார்க்கும்போது
அச்சில் சிக்கிக்கொண்ட காற்று.
பெரிதாக்கினேன்: குழி.
போனைத் தலைகீழாகத் திருப்பினேன்: மேடு, அம்மை வார்த்தது போல.
நிமிர்த்தினேன்: குழி.
பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்தார்.
காசு மாறவில்லை. வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று
கண் தானே முடிவுகட்டிவிடுகிறது,
என்னை ஒரு வார்த்தை கேட்காமல்.

'ஜன்னல் எந்தப் பக்கம்?'
இரண்டு நீல டிக். வெகுநேரம் ஒன்றுமில்லை.
காசு கேட்டவள் ஜன்னலை ஏன் கேட்கிறாள்?
'கிழக்கால மேடம். காசிமேடு. தொறந்தா கடல்தான்.
காசுக்கு இடது கை பக்கமா வெளிச்சம்.'

காசிமேடு. ஊர்ப்பெயரில் மேடு இருந்துவிட்டுப் போகட்டும்.
இடமிருந்து வெளிச்சம் என்றால்
குழிக்கு இடது உதட்டில் நிழல் தங்கியிருக்க வேண்டும்.
தங்கியிருந்தது. ஒவ்வொன்றிலும்.

ஆனால் அந்த நிறம்.
இருநூறு வருஷச் செம்பு புளியங்கொட்டை நிறத்தில் இருக்கும்.
இது குளிப்பாட்டிய குழந்தை மாதிரி சிவந்திருக்கிறது.
'விளக்கினீங்களா?'
'புளி போட்டுத் தேய்ச்சேன் மேடம். நல்லாத் தெரியட்டும்னு.'
நல்லாத் தெரிந்ததற்காக அறுநூறு குறைத்தேன்.
பாதி கோபம், பாதி பேரம்.

இந்த ஊர்ச் செலவுக்கென்று எங்கோ குளிர்தேசத்தில் அடித்தது.
நம் காசையே அவர்கள் எழுத்தில் பொறித்து
பீப்பாய் பீப்பாயாக ஏற்றினார்கள்.
புறப்பட்ட கரையையே கப்பல் தாண்டவில்லை, மணலில் அமிழ்ந்தது.
மதராசில் அது ஒரு கத்தரிக்காய் வாங்கியதில்லை.
இப்போது காசிமேட்டிலிருந்து பெரம்பூர்.
பஸ்ஸில் போனால் அரை மணி.
கூரியர்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் கொண்டுபோய்
இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.
வாசலில் பையன் கேட்டான்: 'ஓடிபி?'
சொன்னேன்.

அன்றிரவு ஆளில்லாத நேரத்தில்
டிடெக்டர் மேல் வைத்து ஒரு படம் எடுத்தேன். தப்புதான்.
திரையில் வெள்ளையாய் ஒரு வட்டம்.
சிங்கம் இல்லை, வருடம் இல்லை,
குழியும் இல்லை மேடும் இல்லை.
அழித்துவிட்டுக் கட்டைவிரலால் தடவினேன்.
குழி.

உறையில் போடாமல் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.
கறுக்கட்டும்.