எண்ணிக்கை

மேட்டுப்பாளையத்தில் வாங்கும்போது
பன்னிரண்டு என்றார் கடைக்காரர்.
ஸ்வெட்டருக்குள் பையைப் பொத்திக்கொண்டு
கோத்தகிரி பஸ் ஏறினேன்.

மூன்று மாதமாய் எண்ணுகிறேன்.
ஏழு வரும்போதே கூட்டம் திரும்பிவிடும்,
ஒரு நீலக்கோடு மடங்கி
இன்னொரு நீலக்கோட்டுக்குள் போய்விடும்.
பதினைந்து என்கிறான் போஜன்.
அவனுக்கு எதுவுமே கொஞ்சம் கூடுதல்தான்.

நேற்று உறைபனி. ராத்திரி கரண்ட் போய்
ஹீட்டரின் சிவப்புப் புள்ளி அணைந்தது.
தொட்டிக்குக் கம்பளி சுற்றி,
வெந்நீர் பாட்டில் இரண்டை மிதக்கவிட்டு
டார்ச் அடித்தேன்.

பாசிக்குப் பின்னால்
ஒன்றையொன்று ஒட்டி
அசையாமல் நின்றன.
முதல்முறையாக எண்ண முடிந்தது.
பதினொன்று.

நாலரைக்குக் கரண்ட் வந்தது.
காபியோடு போய்க் குனிகிறேன்:
ஐந்து, ஆறு, ஏ...

போச்சு.