வியாழக்கிழமைக் கேள்வி

சான்-நசேர் கப்பல்கட்டும் துறையில் சங்கு ஊதியதும்
என் கடைக்குள் வியாழக்கிழமை வந்துவிடும்.
ஆளுக்கு ஒரு காபி, இரண்டு மணி நேரம்.
தத்துவத்தால் கல்லா நிறைந்ததில்லை.

குதிரைப் பந்தயச் சீட்டின் முதுகில்
கேள்வி எழுதி, பெயர் எழுதாமல்,
சூப் பானையில் போட வேண்டும்.
சோலேன் கையை விட்டு ஒன்றை எடுத்தாள்:
"இறந்தவருக்குக் கொடுத்த வாக்கு செல்லுமா?"

வெல்டர் குவெனேல் பொறி பறக்க ஆரம்பித்தான்:
வாங்கிய ஆளும் இல்லை, வங்கியும் இல்லை,
அது செல்லாக்காசு.
பேருந்து ஓட்டும் எர்வே குறுக்கிட்டார்:
நள்ளிரவில் யாருமில்லா நாற்சந்தியிலும்
சிவப்புக்கு நிற்கிறேனே, யாருக்காக?
அபராதத்துக்காக, என்றது ஒரு குரல். சிரிப்பு.
சோலேன் சிரிக்கவில்லை. செவிலி அவள்;
கடைசி மூச்சுக்காரர்களிடம்
சரி சரி என்று தலையாட்டிய கணக்கு
அவளிடம் நிறைய இருக்கும்.

மரிவோன் மட்டும்
சர்க்கரைத் தாளைச் சின்னதாக, இன்னும் சின்னதாக
மடித்துக்கொண்டிருந்தாள்.
சீட்டிலிருந்த கையெழுத்து எனக்குத் தெரியும்.
என் கடன் நோட்டில் பதினொரு வருடமாய்
அதே சாய்வு.

ஒன்பதரைக்கு, முடிவில்லாமல் முடிந்தது.
நாற்காலிகளை மேஜைமேல் கவிழ்த்தேன்.
மழையோடு திரும்பி வந்து
அந்தச் சீட்டைக் கேட்டாள்.
கொடுத்தேன். வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அவள் கணவனின் படகுச் சாவி
என் கல்லாவில் கிடக்கிறது.
வாங்குபவர் காலை எட்டு மணிக்கு வருவார்.
ஏழுக்கே கடை திறப்பவன் நான்.
நாளை
கொஞ்சம் அதிகம் தூங்கினால்தான் என்ன?