குளக்கட்டில் கன்சாஸ்

மல்லாவியில் சிக்னல் முழுசா வாறது
குளக்கட்டின் துருசடியில மட்டும்.
இரவு ஏழரை. கன்சாஸில காலை ஒன்பது.
நுளம்புச்சுருளை ஒரு கல்லில கொளுத்திவைச்சு
போனை மறு கல்லில சாத்தினன்.
மிஸ்ஸிஸ் ஹோல்ட் சிரிக்கிறா.
சின்னச் சின்னப் பெட்டிகளில பிலிப்பைன்ஸ், ஜமெய்க்கா, நான்.
என்ர பெட்டி மட்டும் இருட்டு.

பெயரைச் சுருக்கினால் பிள்ளையளுக்குச் சுகமாம்.
பவளராணி. பாவ் எண்டு கூப்பிடலாமா?
கூப்பிடுங்கோ.
இன்னும் ஒரு எழுத்துத்தான், பாவம் எண்டு முடிஞ்சிடும்.

வகுப்புக்குள்ள போனால் எழும்பமாட்டினம்,
அது மரியாதைக் குறைவில்லை.
தோளில கை வைக்கக்கூடாது.
பிழை எண்டு சொல்லமுதல் நல்லதாய் ஒண்டு சொல்லவேணும்.
கார் இல்லாமல் ஒரு றாத்தல் பாண்கூட வாங்கேலாது.
பென்சில், கடதாசி உங்கட காசில
(இதை எனக்குப் படிப்பிக்கத் தேவையில்லை.
சோக்குப் பெட்டிக் கடன் நேசன் கடையில
இன்னும் நிக்குது).

பிறகு குரலைத் தாழ்த்தினா.
துவக்கோட ஆரும் வந்தால்.
அதுக்கொரு பயிற்சி, வருசத்தில நாலு தரம்.
லைற்றை அணை, கதவைப் பூட்டு,
யன்னலை விட்டு விலகு, சத்தம் கூடாது.
வெளிநாட்டு ஆசிரியருக்கு இது புதுசாய் இருக்கும்,
மன்னிக்கவேணும் எண்டா.

ஜமெய்க்காக்காரர் கேட்டார்:
ஆறு வயசுப் பிள்ளையை
எப்பிடிச் சத்தமில்லாமல் வைச்சிருக்கிறது?

மிஸ்ஸிஸ் ஹோல்ட் கையேட்டைப் புரட்டினா.
புரட்டிக்கொண்டே இருந்தா.
நான் மியூட்டை எடுத்தன்.

தோடம்பழ இனிப்பு ஒண்டு குடுங்கோ.
கடியாமல் சூப்பச் சொல்லுங்கோ.
அது கரையிறதுக்குள்ள கிபிர் போயிடும்.

எல்லாம் ஆங்கிலத்திலதான் சொன்னன்.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்
ஆங்கிலம் கிடைக்கேல்லை.

அருமையான யோசனை, பாவ், எண்டா.
ஆனால் ஒவ்வாமை இருக்கலாம்.
பெற்றோரின் கையொப்பம் வேணும்.
கொப்பியில எழுதினன்: கையொப்பம்.
நுளம்பு புறங்கையில இருந்து ஆறுதலாய்க் குடிச்சது.

விடிய முதலாம் பாடம். தரம் ஒன்பது, விஞ்ஞானம்.
வாங்குகள் உரஞ்ச முப்பத்தொரு பேரும் எழும்பிச்சினம்.
நான் கதவைத் தேடினன்.
அரைச்சுவர். அதுக்கு மேல காத்து.
நேசன்ர ஆடு தாடையைச் சுவரில வைச்சு
எங்களை எண்ணிக்கொண்டு நிக்குது.

ரீச்சர், இருக்கட்டா
எண்டு ஆரோ பின்வாங்கில கேட்கினம்,
இரண்டாம் தரமாய்.