குறிப்பு ஏதுமில்லை

டுனெடினில் ஜூலை. விடியுமுன் மாவு பிசைந்து,
அடுப்பை ஃபெத்துவிடம் ஒப்படைத்துவிட்டு,
பத்து மணிக்குக் காவல் நிலையம் போனேன்,
கை சுத்தம் என்று நிரூபிக்க
கையில் மை பூசிக்கொள்ள.

கான்ஸ்டபிள் ரங்கிமாரி ஒவ்வொரு விரலாகப் பிடித்து
உருட்டினாள்.
"விறைக்காதீர்கள், நெஸ்தான். விரலை என்னிடம் விட்டுவிடுங்கள்."
இடது கட்டைவிரல் மூன்று முறையும் தேறவில்லை.
பதினாறு வருட அடுப்பில் பாதி ரேகை வெந்துவிட்டது.
"என்ன வேலை?"
"ரொட்டி."
"ஓ. கொத்தனார்களுக்கும் இப்படித்தான்" என்று
நான்காவது அட்டையை எடுத்தாள்.

மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லையாம்.
இருக்கட்டும்.
மடியில் கனமில்லை என்று
தங்கிய ஊரெல்லாம் முத்திரை குத்தித் தரவேண்டும்.
மூலம் ஒன்று, மொழிபெயர்ப்பு ஒன்று,
மொழிபெயர்த்தவர் யோக்கியர் என்பதற்கு இன்னொன்று.

திபிலிசியின் தாள் முதலில் வந்தது,
சொந்த ஊர் அல்லவா, அவசரம்.
துபாய்க்கு ரேகை போய்ச் சேர ஏழு வாரம்.
கடைசியாகப் போலந்துத் தாள் வந்த வாரம்
திபிலிசித் தாள் காலாவதி.
பால், முட்டை, ஈஸ்ட் போல
நன்னடத்தைக்கும் ஒரு தேதி உண்டு;
ரொட்டிக்கடைக்காரி நான், யோசித்திருக்க வேண்டும்.

என் குடும்பப் பெயரின் தொடக்கத்தில்
நான்கு மெய்யெழுத்துகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.
இஸ்மிர் அதில் இரண்டை இறக்கிவிட்டது.
இறங்கியவளும் ஏறியவளும் ஒருத்தியே என்று
ஒரு வக்கீல் முன்னால் சத்தியம் செய்தேன்.
நாற்பது டாலர். அவர் தலை நிமிரவே இல்லை.

லோட்ஜ் நகரத்துத் தாள்தான் எல்லாவற்றிலும் சுருக்கம்:
மேற்படி நபர் பதிவேட்டில் இடம்பெறவில்லை.

இடம்பெறவில்லை.
மூன்று குளிர்காலம்.
நூலாலைக்குப் பின்னால் ஐந்தாம் மாடி.
பனியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்த முனை.
டிராம் ஓட்டுகிற ஒருவன், அவனுடைய சாம்பல் நிறக் கையுறை.
இரண்டு மாத வாடகை பாக்கி வைத்து
ஒரு ஞாயிறு அதிகாலை
திருமதி கவ்ரோன்ஸ்கா எழுமுன் இறங்கிவந்த படிகள்,
அறுபத்தெட்டு.
சாவி இன்னும் என்னிடம்தான்.

துபாய்த் தாளில் கழுகும் பொன்னிற விளிம்பும்.
ஸெவ்திது அதில் இல்லை.
பாஸ்போர்ட்டை எஜமானி பூட்டிவைத்த வீட்டிலிருந்து
செருப்பில்லாமல் வந்தாள்.
மேல்மாடிக் கிடங்கில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால்
பதினோரு இரவு.
தும்மக்கூடாது என்று சொல்லியிருந்தேன்;
மாவுக் கிடங்கில் தும்மாமல் இருப்பது
எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?
பன்னிரண்டாம் நாள் என் காலணியை மாட்டிவிட்டு
தூதரகத்துக்கு டாக்ஸி ஏற்றினேன்.
அந்த ஊரில் அது குற்றம்.
வாடகையை ஏமாற்றியது எந்த ஊரிலும் குற்றம்.
நான்கு அரசாங்கங்கள் தேடிப் பார்த்துவிட்டு
இரண்டையும் காணோம் என்கின்றன.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம்:
வேறு ஏதேனும் தெரிவிக்க விரும்புகிறீர்களா?
இரண்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.
இல்லை என்று எழுதினேன்.
அதற்கே ஒரு வரி பிடித்தது, என் கையெழுத்து அப்படி.
பிறகு சாவியை ஓர் உறையில் போட்டு
திருமதியின் முகவரியை நினைவிலிருந்து எழுதினேன்.
தபால் செலவு எவ்வளவென்று விசாரிக்கவேண்டும்.
இரண்டு மாத வாடகையை எப்படி உறையில் போடுவது
என்பதையும்.

திபிலிசிக்கு மறுபடி மனுப் போட்டாயிற்று.

அன்று நிலையத்திலிருந்து நேரே கடைக்குத் திரும்பி,
நன்றாகத்தான் தேய்த்துக் கழுவினேன்,
மதியத் தட்டுக்கு மாவு உருட்டினேன்.
கம்பு ரொட்டி ஒன்றின் அடியில்
சாம்பலாய் ஒரு கட்டைவிரல்.
அட்டையில் விழ மறுத்த அதே இடது கட்டைவிரல்,
ஒவ்வொரு சுழியும் தெளிவாக.
ஃபெத்துவைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள்
யாரோ வாங்கிப் போய்விட்டார்கள்.

புகார் எதுவும் வரவில்லை.