எழுபதில் தொடங்குவது

எழுபதில் தொடங்கும்.
அறுபத்தெட்டில் இல்லை, அறுபத்தொன்பதில் சந்தேகம்,
எழுபதைத் தொட்டதும் பின்னிருக்கைக்கு அடியில்
யாரோ வாயை மூடிக்கொண்டு
ஒரே எழுத்தைச் சொல்லத் தொடங்குவார்கள்.
ம்.

வண்டி வாங்கிப் பதினான்கு மாதம்.
இருக்கையின் புது வாசனைகூட இன்னும் போகவில்லை.
பழைய வேனில் சைலன்சர், பின்கதவு,
நாய்க்குத் தண்ணீர் வைக்கும் தகரக் கிண்ணம்,
எது எந்தச் சத்தமென்று யார் பிரித்தார்கள்?
அமைதியான வண்டி என்று கூடுதலாகக் கொடுத்தோம்.
கொடுத்த பணத்துக்கு
ஒற்றைச் சத்தத்தைத் தனியாகக் கேட்கும் வசதி கிடைத்தது.

"கேட்கிறதா?" என்றேன் லாக்லனிடம்.
"என்ன?"
"அந்த ம்."
"டயர் என்றால் உருளும், உருண்டால் சத்தம் வரும்"
என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்,
தெற்குத்தீவின் ஆடுகளையெல்லாம்
எண்ணி முடிக்க வேண்டியவன் போல.

பால்குளூத்தாவில் ஃபெட்டுவின் பட்டறை.
முன்சக்கரத்தைப் பின்னுக்கும் பின்சக்கரத்தை முன்னுக்கும் மாற்றினார்.
சத்தம் இடம் மாறி
என் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
காற்றைக் கொஞ்சம் குறைத்தார். அப்போதும் ம்.
பேரிங் இல்லை என்றார்,
பேரிங் என்றால் வளைவில் குரலை மாற்றும்,
இது எந்த வளைவுக்கும் அசைந்து கொடுக்கவில்லை.

பிறகு என்னைக் கையுறையைக் கழற்றச் சொன்னார்.
டயரை முன்னோக்கித் தடவினேன்: பூனை முதுகு.
பின்னோக்கித் தடவினேன்:
ரம்பம்.
"சக்கரம் ஒரு மயிரிழை உள்பக்கம் பார்க்கிறது," என்றார் ஃபெட்டு,
"கோணலாகவே இத்தனை தூரம் ஓடித் தேய்ந்திருக்கிறது.
மீதிப் பாதி உங்கள் சாலை.
தாரை ஊற்றிச் சரளையைக் கொட்டி உருட்டிவிட்டுப் போகிறார்கள்,
அதை நான் எப்படிக் கழற்றி மாட்டுவது?"

கிளிண்டனைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர்
புதிதாகப் போட்ட வழவழப்பான தார்.
திரும்பும்போது அதில் ஏறினோம். ம் நின்றது.
லாக்லனின் மூச்சு கேட்டது,
அவன் கோட்டுப் பையில் சாவி உரசுவது கேட்டது.
மெதுவாகப் பேச அந்த இரண்டு கிலோமீட்டர்தான் இருக்கிறது என்று
மெதுவாகவே சொன்னேன்:
"மோராக் வீட்டை விற்கிறாளாம்."
பதில் இல்லை.
"உன் தங்கை. நீ பிறந்த வீட்டை."
புல்வெளி போய்க்கொண்டிருந்தது.
கொஞ்சம் உரக்கச் சொன்னேன்.
"என்ன, மறுபடியும் டயரா?" என்றான்.

சரளை வந்தது.
செவிடன் காதில் ஊதிய சங்கு என்று
அவனைப் பற்றி அவன் தங்கையிடமே சொல்லியிருக்கிறேன்.
நாங்கள் இருவரும் சிரித்திருக்கிறோம்.
பதினான்கு மாதமாக அவன் கேட்ட "என்ன"க்களை
ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.
எல்லாமே கேள்விகள்.
ஒன்றுக்குமே நான் பதில் சொல்லவில்லை.

எழுபதுக்கு வந்ததும்
அவன் கையைப் பிடித்து இழுத்து
அவன் பக்கத்துக் கதவின் மேல் அழுத்தி வைத்தேன்.
வெகுநேரம் வைத்திருந்தான்.
"இதுவா?"
"அதுதான்."
"ஆரம்பத்திலிருந்தே இருக்கிறதா?"
நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

நான்கு டயரும் மாற்றி, சக்கரக் கோணத்தையும் சரிசெய்து
ஆயிரத்துச் சொச்சம் டாலர்.
இப்போது எண்பத்தைந்தில்தான் தொடங்குகிறது, அதுவும் சன்னமாக.
காது மருத்துவரைப் பார்க்கப் பத்தொன்பதாம் தேதி.
போகலாம் என்கிறான், மறுநாள் எதற்கு என்கிறான்.
வண்டியில் ஏறியதும் கதவில் உள்ளங்கையை வைத்துக்கொள்கிறான்.
"இதோ," என்கிறான்,
எனக்குக் கேட்பதற்குக் கொஞ்சம் முன்னாலேயே.