அறுநூற்றுப் பதினான்காவது கையெழுத்து

நியமனக் கடிதத்தை மூன்று முறை தட்டினேன்.
மூன்று முறையும் பெயருக்கான இடம் காலி.
"பேரை மட்டும் விட்டு வை, புனிதா"
என்றார் ஊய் சார்,
பாதிச் சோற்றோடு டப்பாவை மூடிக்கொண்டே.
கீழே வாசலில் மேளம்.

குளுகோர் சரிவில் எங்கள் கல்லூரி.
மூன்றாம் மாடி ஜன்னலில் பாலம் தெரியும்.
என் மேசை இரண்டாம் மாடியில்.
அங்கிருந்து பார்த்தால் திடலில் அரைவாசி,
ஒரே ஒரு கோல் கம்பம்.
எதிர்ப்பக்கம் எது விழுந்தாலும்
சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

ஐந்து நாளாய் ஓயாத சத்தம்.
பழைய மாணவர் சங்கத் தலைவர்
(ஆறு கார் கழுவும் கடைகள் அவருக்கு)
வாடகைக்கு எடுத்த ஒலிபெருக்கியில்
"ஜம்ரி! ஜம்ரி! வேறெவன் வந்தாலும் வெளியே!"
ஜம்ரி என்றால்,
இருபத்திரண்டு வருடத்துக்கு முன்
கொட்டும் மழையில், சப்பாத்து கழன்ற காலோடு
கெடாப் பிள்ளைகளின் வலைக்குள் அடித்தவன்.
அன்று திடலில் இருந்தவர்கள் முந்நூறு பேர் இருக்கலாம்.
இருந்ததாய்ச் சொல்பவர்கள்
இப்போது இந்தத் தீவுக்குள் அடங்க மாட்டார்கள்.

இன்னொரு விண்ணப்பமும் வந்திருந்தது.
தெய்வீகன், நிபோங் திபால்.
பள்ளிக்கூடக் குழுக்களோடு பதினோரு வருடம்.
படத்தில் டை கொஞ்சம் கோணல்.
"கூட்டம் உன்னை வேண்டாம்னா?"
ஊய் சார் கேட்டார்.
அவன் யோசித்துச் சொன்னான்:
"முதல்ல கோல்கீப்பரைப் பார்க்கணும் சார்.
வலது பக்கம் விழ பயப்படுறான். முட்டியில ஏதோ இருக்கு."
கேட்டதற்கும் சொன்னதற்கும் ஒட்டே இல்லை.
தண்ணீர் வைக்கப் போன நான்
தட்டோடு நின்றுவிட்டேன்.
அந்தப் பையன் ஹைகலின் மருத்துவச் சீட்டு
இரண்டு வருடமாய் என் கோப்பில் கிடக்கிறது.
ஒருவரும் கேட்டதில்லை.

அன்று மாலை ஐந்து தலைகளும் தெய்வீகனுக்கே ஆடின.
மறுநாள், விளக்குக் கம்பங்களுக்குப் பணம் தருவதாயிருந்தவர்
போனை எடுக்கவில்லை.
அதற்கு மறுநாள் ஊய் சார் காரின் மேல் ஒரு மலர்வளையம்.
கேன்டீன்காரி கறிபாப் தீர்ந்துவிட்டது என்றாள்,
கண்ணாடிக்குள் எட்டு இருந்தன.
என் கொழுந்தன்கூட அழைத்தான்,
"அண்ணி, யாரு பேரு போட்டிருக்கு?"

வெள்ளிக்கிழமை மனு வந்தது.
எண்ணச் சொன்னார்கள்.
ஒரே ஆள் இரண்டு தரம் போட்டிருந்தால் அடிக்கச் சொன்னார்கள்.
எண்ணினேன்,
ரப்பர் வளையத்தை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு.

அறுநூற்றுப் பதினான்கு தமிழில் இருந்தது.
கடைசி 'ன்' மேல் புள்ளி இல்லை,
அதற்குப் பதில் குட்டியாய் ஒரு வட்டம்.
அந்த வட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேன்.
விண்ணப்பத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.
அடையாள அட்டை எண்ணும் அதுவே.
தேதி, நேர்காணலுக்கு மறுநாள்.
எல்லோரும் வெறுமனே விட்டிருந்த காரணக் கட்டத்தில்
பொடி எழுத்தில்:
'அன்று பந்து பொறுக்கிப் போட்ட பையன் நான்.'

போனை எடுத்தேன். வைத்தேன்.
என்ன கேட்பது அவனிடம்?

"எத்தனை?"
"ஆயிரத்து இருநூற்று ஏழு, சார்.
எதையும் அடிக்கவில்லை."
ஊய் சார் ஜன்னலைப் பார்த்தார்,
குளிர்சாதனப் பெட்டியின் முதுகைத் தவிர
அதில் ஒன்றும் தெரியாது.
பிறகு பெயரைச் சொன்னார்.
கீழே ஏற்கெனவே கத்திக்கொண்டிருந்த பெயர்தான்.

தட்டினேன்.
எழுத்துப் பிழை இல்லை.
முத்திரை வைத்து, உறைக்குள் போடும் முன்
ஹைகலின் சீட்டை எடுத்து
கடிதத்தின் பின்னால் செருகினேன்,
மஞ்சள் தாளில் இரண்டு சொல்:
வலது முட்டி.

யார் எழுதியது என்று போடவில்லை.
போடுவதென்றால்
அவன் பெயரைத்தான் போட வேண்டும்.